இயற்பியல் இளநிலைப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தல்

மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகியவற்றில் பட்டம் பெற்றவர் அந்தப் பட்டத்தைக் கொண்டே தொழிலைத் தொடங்கிவிட இயலும். இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு அவ்வாறான நேர்வழி குறைவு. முதுநிலைப் படிப்பிலோ, ஆசிரியர் பயிற்சியிலோ, ஒருங்கிணைந்த முனைவர் பட்ட ஆய்விலோ, மின்னணுவியல், கணினி, மருத்துவ இயற்பியல் போன்ற பக்கத்துத் துறைகளிலோ சேர்ந்த பின்னரே அவருடைய பணிவாழ்வு உருப்பெறுகிறது. அந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுத் தேர்வோ நேர்காணலோ உண்டு. அங்கே சோதிக்கப்படுவது மூன்று, நான்கு ஆண்டுகளில் மாணவரின் கையிலும் சிந்தனையிலும் படிந்திருக்கும் இயற்பியல். ஆகவே எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வியை, அடுத்த வாயிலில் நிற்கும்போது மாணவரை எது ஆயத்தமாக வைத்திருக்கும் என்ற கேள்வியாக மாற்றிக் கேட்பதே முறை. அப்படிக் கேட்டால் நிறுவனத்தின் பெயர், தரவரிசை, கட்டடம் ஆகியன பின்னுக்குச் சென்று, ஆய்வகத்தில் கிடைக்கும் நேரம், கணிதப் பயிற்சியின் ஆழம், வினாத்தாளின் தன்மை, நிலையாகப் பணியாற்றும் ஆசிரியர் ஆகியவை முன்னுக்கு வருகின்றன.

புதுச்சேரி நகரின் முதலியார்பேட்டையை இந்த இயல் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. கடலூர்ச் சாலையை ஒட்டி அமைந்த இப்பகுதி, 1898 இல் தொடங்கி 2020 இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. என்னும் ஆங்கிலோ-பிரெஞ்சு நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த உழைப்பாளர் பகுதி. இங்குள்ள வீடுகள் பலவற்றில் பட்டப் படிப்புக்குச் செல்லும் முதல் தலைமுறை இப்போதுதான் பள்ளியை முடிக்கிறது. அந்த மாணவருக்கு வழிகாட்டப் படித்த உறவினர் வீட்டில் இல்லாதபோது, எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்பதை ஊர்ப்பேச்சே தீர்மானித்துவிடுகிறது. ஆனால் முதலியார்பேட்டையின் இருப்பிடம் சாதகமானது. வடக்கே நகருக்குள் 1968 இல் தொடங்கப்பட்ட பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியும், இலாசுப்பேட்டையில் 1961 இல் தொடங்கப்பட்ட தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரியும், அதற்கும் அப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் உள்ளன. தெற்கே முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகச் செல்லும் அதே சாலை, கடலூர்ப் பெரியார் அரசு கலைக் கல்லூரிக்கும், அதைக் கடந்தால் 1929 இல் நிறுவப்பட்ட சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுசேர்க்கிறது. பேருந்தில் போய்வரக்கூடிய எல்லைக்குள் இத்தனை இடங்கள் அமைந்த ஊர்கள் அதிகம் இல்லை.

வினாத்தாளை அமைப்பவர் யார்

விளம்பரக் கையேடுகளில் பல்கலைக்கழகம், கல்லூரி, தன்னாட்சி ஆகிய சொற்கள் ஒன்றுபோலவே ஒலித்தாலும், மாணவரின் அன்றாடப் படிப்பை அவை வெவ்வேறு வகையில் வடிவமைக்கின்றன. இணைவுக் கல்லூரி என்பது பாடத்திட்டத்தையும் பருவத் தேர்வையும் பட்டத்தையும் ஒரு பல்கலைக்கழகத்திடமிருந்து பெற்று, கற்பித்தலை மட்டும் தான் நடத்தும் கல்லூரி. புதுச்சேரி நகரின் அரசுக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. நாடாளுமன்றச் சட்டத்தால் 1985 இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அமைந்த பின்னர் அதன் இணைவுக்குள் வந்தன. ஆகவே தாகூர் கல்லூரியில் படிப்பவரும் பாரதிதாசன் கல்லூரியில் படிப்பவரும் பெறுவது ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டம். இந்த உண்மையை அறியாமல், பட்டத்தின் மதிப்பு வேறுபடும் என்ற எண்ணத்தில் தொலைவான தனியார் கல்லூரியைத் தேடிச் செல்லும் குடும்பங்கள் உண்டு.

தன்னாட்சிக் கல்லூரி என்பது பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமிருந்து பெற்றாலும் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தானே அமைத்துக்கொள்ளும் உரிமை பெற்றது. சென்னையின் மாநிலக் கல்லூரி, இலயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவை இவ்வகையின. பாடத்திட்டத்தை விரைவில் புதுப்பிக்க இயல்வது இதன் நன்மை. கற்பித்தவரே வினா அமைப்பதால் நடத்திய அளவோடு தேர்வு நின்றுவிடக்கூடும் என்பது இதன் இடர். மூன்றாவது வகை, ஆசிரியர்கள் ஆய்வும் கற்பித்தலும் ஒருசேர நடத்தும் ஒற்றை வளாக நிறுவனம். இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் எனப்படும் ஐசர்கள், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், மையப் பல்கலைக்கழகங்களின் சொந்தத் துறைகள் ஆகியன இதில் அடங்கும். இங்கே மாணவர் தம் ஆசிரியரை ஆய்வாளராகவும் காண்கிறார். ஒரு கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்று வகுப்பறையில் வெளிப்படையாகச் சொல்லப்படுவதை இளம் வயதிலேயே கேட்கிறார். இயற்பியல் கற்பவருக்கு அது பெரும் பேறு.

தரவரிசைகளைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. நாக் எனப்படும் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று அவை வழங்கும் தரக்குறியும், 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையும் முழு நிறுவனத்தை அளப்பவை. ஒரு கல்லூரியின் இயற்பியல் துறை தனியாக எப்படி இருக்கிறது என்பதை அவற்றிலிருந்து அறிய வழியில்லை. வணிகவியலில் பெயர்பெற்ற கல்லூரியின் இயற்பியல் ஆய்வகம் பழுதான கருவிகளோடு இருக்கலாம். பட்டியலில் இடம்பெறாத அரசுக் கல்லூரியில் இருபது ஆண்டுகளாக ஒளியியலைப் பொறுமையாகக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கலாம்.

ஆய்வகத்தைப் பார்த்தல்

கல்லூரியைப் பார்வையிடச் செல்லும் மாணவரும் பெற்றோரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இயற்பியல் ஆய்வகம். சேர்க்கைக் காலத்தில் துறைத் தலைவரிடம் பணிவாகக் கேட்டால் பெரும்பாலான கல்லூரிகள் அதைக் காட்டுகின்றன; காட்டத் தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

அங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது கருவிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், ஒரு கருவிக்கு எத்தனை மாணவர் என்ற விகிதம். ஒளியின் அலைநீளத்தை அளக்க உதவும் நிறமாலைமானி ஒன்றைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றால், தொலைநோக்கியைத் திருகி நிறமாலைக் கோட்டைக் குறுக்குக் கம்பியில் பொருத்துபவர் ஒருவராகவே இருப்பார். மற்றவர்கள் அவர் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். இருவருக்கு ஒரு கருவி என்பது நல்ல நிலை. இரண்டாவதாக, வாரத்தில் எத்தனை மணி நேரம் செய்முறை வகுப்பு நடக்கிறது, அது எல்லாப் பருவங்களிலும் நடக்கிறதா, ஆண்டு இறுதியில் மட்டும் நெருக்கி முடிக்கப்படுகிறதா என்று மூத்த மாணவர்களிடம் கேட்க வேண்டும். கால அட்டவணையில் இருப்பது வேறு, நடப்பது வேறு என்பதை அவர்களே அறிவர். மூன்றாவதாக, கருவிகள் எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்று பார்க்க வேண்டும். நகரும் நுண்ணோக்கி, மீட்டர் சமனச்சுற்று, நியூட்டன் வளையங்கள் ஆகியவை அடிப்படைப் பயிற்சிக்கு இன்றும் தேவை. ஆயினும் அலைவுகாட்டி, நுண்கட்டுப்படுத்திகள், கணினியோடு இணைந்த உணரிகள், கதிரியக்கத்தை எண்ணும் கைகர் எண்ணி, எலக்ட்ரான் மின்னூட்டத்தை அளக்கும் மில்லிகன் அமைப்பு ஆகியவற்றில் சிலவேனும் இருந்தால்தான் 20 ஆம் நூற்றாண்டின் இயற்பியல் மாணவரின் கைக்கு எட்டும்.

இவை அனைத்தினும் முக்கியமானது, பிழையை ஆய்வகம் எப்படி நடத்துகிறது என்பது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும் மாணவருக்கு 9.5 என்று விடை வந்தால், அதை 9.8 ஆகத் திருத்திக்கொண்டு வரும்படி சொல்லும் ஆய்வகங்கள் உண்டு. பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவீடுகளைப் படியெடுக்கும் வழக்கம் அங்கிருந்தே பிறக்கிறது. நல்ல ஆய்வகத்தில் அந்த 9.5 அப்படியே பதிவாகி, ஊசலின் நீளத்தை அளந்ததில் எவ்வளவு ஐயம், நிறுத்துக் கடிகாரத்தை அழுத்திய நேரத்தில் எவ்வளவு ஐயம், இரண்டும் சேர்ந்தால் விடையில் எவ்வளவு ஐயம் என்ற கணக்கு எழுதப்படும். அளவீட்டு ஐயம் எனப்படும் இந்தக் கணக்கே இயற்பியலரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துவது. புதுச்சேரிக்கு இதில் பழைய தொடர்பு ஒன்று உண்டு. சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் கடப்பதைக் காண 1760 இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட வானியலர் லெ ஜெந்தீல், ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் 1761 ஆம் ஆண்டுக் கடப்பின்போது புதுச்சேரியில் இறங்க இயலாமல் கடலிலேயே இருந்தார். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, புதுச்சேரிக் கோட்டையின் இடிபாடுகளில் வானாய்வகம் அமைத்து ஆயத்தமாக இருந்தும், 1769 ஜூன் 4 ஆம் நாள் காலையில் மேகம் சூரியனை மறைத்துவிட்டது. அவர் அளவீடு எதையும் புனையவில்லை. காண இயலவில்லை என்றே எழுதிவைத்தார். அத்தகைய பதிவுக்கு மதிப்பெண் குறைக்காத ஆய்வகத்தை மாணவர் தேட வேண்டும்.

கணிதமும் வினாத்தாளும்

இயற்பியல் பட்டத்தில் இடறி விழுபவர்களில் பெரும்பாலோர் இயற்பியலில் விழுவதில்லை, கணிதத்தில் விழுகிறார்கள். இளநிலைப் பாடத்திட்டங்களில் கணிதம் துணைப்பாடமாக, அதாவது முதன்மைப் பாடத்துக்குத் துணையாக முதல் இரண்டு அல்லது நான்கு பருவங்களில் மட்டும் நடத்தப்படும் பாடமாக, வைக்கப்பட்டிருப்பது வழக்கம். அத்துணைப்பாடத்தில் வெக்டர் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண் சார்புகள், ஃபூரியர் தொடர் ஆகியவை இடம்பெறுகின்றனவா என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடு கற்பதற்கு முன்பே குவாண்டம் இயக்கவியல் வைக்கப்பட்டிருந்தால், ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை மாணவர் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இராது. அதேபோல் இயக்கவியல் பாடம் நியூட்டனின் விதிகளோடு நின்றுவிடாமல் லக்ராஞ்சு முறைவரை செல்கிறதா, மின்காந்தவியல் மாக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து மின்காந்த அலையை வருவிக்கும் அளவு செல்கிறதா, ஹைட்ரஜன் அணு முழுமையாகத் தீர்க்கப்படுகிறதா, புள்ளியியல் இயக்கவியலுக்குத் தனித்தாள் உண்டா என்பன பாடத்திட்டத்தின் ஆழத்தைக் காட்டும் அளவுகோல்கள். கணினி நிரலாக்கம், இக்காலத்தில் குறிப்பாகப் பைத்தான் மொழி, செய்முறையாகக் கற்பிக்கப்படுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தல் நலம்.

பாடத்திட்டம் சொல்வதை வினாத்தாள் உறுதிசெய்யும், அல்லது மறுக்கும். கடந்த ஐந்து ஆண்டுகளின் பருவத் தேர்வு வினாத்தாள்களைத் திரட்டி, எத்தனை வினாக்கள் விளக்குக, வரையறு என்று கேட்கின்றன, எத்தனை வினாக்கள் முன்பு காணாத ஒரு சூழலைத் தந்து தீர்க்கச் சொல்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது அரை மணி நேர வேலை. அது தரும் அறிவு எந்த விளம்பரமும் தராதது. இதை விளக்கவும் புதுச்சேரியிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1825 இல் ஜான் வாரன் என்னும் படை அதிகாரி வெளியிட்ட நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கியும் மனத்தில் பதித்த வாய்பாடுகளைக் கொண்டும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய முறை விரிவாகப் பதிவாகியுள்ளது. கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கெபாவர் 1952 இல் இதை ஆராய்ந்து, அந்த மரபின் தொன்மையை எடுத்துக்காட்டினார். எழுதுகோல் இல்லாமல் கிரகண நேரத்தை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பிழையோடு எட்டிய அந்தத் திறன் வியப்புக்குரியது. ஆனால் விதியைக் கையாளுவதும், அந்த விதி ஏன் பொருந்துகிறது என்று காட்டுவதும் இரண்டு வேறு பயிற்சிகள். முதலாவதைப் பள்ளியும் நினைவாற்றலும் கொடுத்துவிடும், இரண்டாவதைக் கொடுப்பதற்காகவே இளநிலை இயற்பியல் என்று ஒரு பட்டம் இருக்கிறது. வினாத்தாள் முதலாவதை மட்டுமே கேட்குமானால், அந்தக் குறையை மாணவர் வேறிடத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து சேர வேண்டும்.

ஆசிரியர் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கும்போது, நிலையான பணியிடத்தில் உள்ளவர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளராகவோ மணிநேர அடிப்படையிலோ வருபவர் எத்தனை பேர் என்று பிரித்துக் கேட்க வேண்டும். தற்காலிக ஆசிரியர்களில் சிறந்தவர்கள் பலர் உள்ளனர். ஆனால் அடுத்த பருவத்தில் அவர் அங்கே இருப்பாரா என்பது அவர் கையில் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய வாயில்கள்

புதுச்சேரி அரசுக் கல்லூரிகளின் இளநிலை அறிவியல் இடங்கள் சென்டாக் எனப்படும் மையச் சேர்க்கைக் குழு வழியாக, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. தனி நுழைவுத் தேர்வு இல்லாத வழி இது. மையப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கை 2022 முதல் சி.யு.இ.டி. எனப்படும் பொது நுழைவுத் தேர்வின் வழியாக நடக்கிறது. காலாப்பட்டும், 2009 இல் தொடங்கப்பட்ட திருவாரூர்த் தமிழ்நாடு மையப் பல்கலைக்கழகமும் இதில் அடங்கும். இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். விண்ணப்பத்தில் பாடங்களைக் குறிக்கும்போது, தாம் சேர விரும்பும் படிப்பு எந்தெந்தப் பாடங்களில் மதிப்பெண் கேட்கிறது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் பார்த்தபின் குறிக்க வேண்டும். இயற்பியலைக் குறித்துக் கணிதத்தை விட்டுவிட்டு, நல்ல மதிப்பெண் பெற்றும் தகுதியிழப்பது இங்கே நேரக்கூடிய தவறு.

ஐசர்கள் ஏழு. புணேயும் கொல்கத்தாவும் 2006 இலும், மொகாலி 2007 இலும், போபாலும் திருவனந்தபுரமும் 2008 இலும், திருப்பதி 2015 இலும், பெர்காம்பூர் 2016 இலும் தொடங்கப்பட்டன. இவற்றின் இளநிலை-முதுநிலை இரட்டைப் பட்டம் ஐந்தாண்டுப் படிப்பு. முதல் ஆண்டுகளில் எல்லா அறிவியல்களையும் கற்று, பின்னரே மாணவர் இயற்பியலைத் தம் முதன்மைத் துறையாகக் கொள்கிறார். அவற்றின் திறனறித் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கிலும் சம எண்ணிக்கையில் வினாக்கள் வருவது வழக்கம். ஆகவே பதினொன்றாம் வகுப்பில் உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் எடுத்தவர் உயிரியலின் அடிப்படைகளைத் தாமாகப் படித்துக்கொள்வது பயன்தரும். நைசர் எனப்படும் புவனேசுவரத்துத் தேசிய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும், மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் அணுசக்தித் துறையோடு இணைந்து நடக்கும் அடிப்படை அறிவியல் மையமும் நெஸ்ட் என்னும் தேர்வின்வழி மாணவரைச் சேர்க்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2011 முதல் நான்காண்டு ஆராய்ச்சி இளநிலைப் பட்டம் நடத்துகிறது. சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் கணிதமும் இயற்பியலும் இணைந்த மூன்றாண்டுச் சிறப்புப் பட்டத்தை வழங்குகிறது. கோட்பாட்டு இயற்பியலில் நாட்டமும் கணிதத்தில் உண்மையான மகிழ்ச்சியும் உள்ளவருக்கு, முதலியார்பேட்டையிலிருந்து இவ்வளவு அருகில், இதற்கு இணையான இடம் வேறு இல்லை என்றே கூறலாம். ஆனால் அதன் நுழைவுத் தேர்வு நினைவாற்றலுக்கு இடம் தராது. பழைய வினாத்தாள்களை ஓராண்டு முன்பாகவே எடுத்து, ஒரு கணக்கோடு ஒரு மாலை முழுவதும் அமர்ந்து பழக வேண்டும்.

நான்காண்டுப் பட்டத்தைப் பற்றிய குழப்பம் பல வீடுகளில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி, 120 தகுதிப்புள்ளிகள் ஈட்டியவர் மூன்றாண்டில் இளநிலைப் பட்டத்தோடு வெளியேறலாம். 160 ஈட்டினால் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பெறலாம். தகுதிப்புள்ளி என்பது வாரத்துக்கு இத்தனை மணி நேரக் கற்றல் என்ற கணக்கில் ஒவ்வொரு தாளுக்கும் தரப்படும் அலகு. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் நான்காம் ஆண்டை ஆய்வோடு கூடியதாக எடுக்க இயலும். நான்காண்டு முடித்தவருக்கு முதுநிலை ஓராண்டே போதும் என்ற ஏற்பாடும் உண்டு. ஆயினும் நான்காம் ஆண்டில் ஆய்வை வழிநடத்த அந்தத் துறையில் ஆய்வு செய்பவர் இருக்க வேண்டும். அத்தகையவர் இல்லாத இடத்தில் நான்காம் ஆண்டைக் கழிப்பதைவிட, மூன்றாண்டில் வெளியேறி நல்ல இடத்தில் இரண்டாண்டு முதுநிலை படிப்பது மேல்.

அருகிலுள்ள கல்லூரியும் இரண்டாம் வாயிலும்

மேற்சொன்ன நுழைவுத் தேர்வுகளில் இடம் கிடைக்காத மாணவர், அல்லது குடும்பச் சூழலால் ஊரை விட்டுச் செல்ல இயலாத மாணவர், தம் இயற்பியல் வாழ்வு முடிந்துவிட்டதாக எண்ணுவது இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை உண்மைக்கு மாறானது. மூன்றாம் ஆண்டின் பிப்ரவரியில் ஜாம் என்னும் முதுநிலைச் சேர்க்கைத் தேர்வு நடக்கிறது. இந்தியத் தொழில்நுட்ப நிறுவனங்களின் இரண்டாண்டு எம்.எஸ்சி. படிப்புகளுக்கும், இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்புக்கும் அது ஒரு வழி. திருச்சி உள்ளிட்ட தேசியத் தொழில்நுட்ப நிறுவனங்களும் அதன் மதிப்பெண்ணைக் கொண்டு முதுநிலையில் சேர்க்கின்றன. ஜெஸ்ட் என்னும் மற்றொரு தேர்வு, சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற ஆய்வு நிறுவனங்களுக்கு இட்டுச்செல்கிறது. உள்ளூரிலேயே தொடர விரும்புவோருக்குக் காஞ்சி மாமுனிவர் அரசு பட்டமேற்படிப்பு நிறுவனமும் காலாப்பட்டுத் துறையும் இருக்கின்றன. பொறியியலிலும் மருத்துவத்திலும் முதல் வாயிலில் இழந்ததை மீட்பது கடினம். இயற்பியலில் மூன்றாண்டு கழித்து அதே அளவு பெரிய வாயில் மறுபடி திறக்கிறது. முதல் வாயிலில் நேர்ந்த தோல்வியைப் பதினேழு வயதுப் பிள்ளையின் மேல் நிரந்தரத் தீர்ப்பாகச் சுமத்தும் பெற்றோர் இதை அறிந்தே ஆக வேண்டும்.

ஆனால் அந்த இரண்டாம் வாயில் தானாகத் திறப்பதில்லை. உள்ளூர்க் கல்லூரியில் படிப்பவர் பருவத் தேர்வுக்குரிய பாடநூல்களோடு நிற்காமல், முதல் ஆண்டிலிருந்தே இயக்கவியலுக்குக் கிளெப்னர்-கொலென்கோ, மின்காந்தவியலுக்குக் கிரிஃபித்ஸ் போன்ற நூல்களிலிருந்து கணக்குகளைத் தாமே தீர்த்துப் பழக வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் வகுப்புகள் என்.பி.டெல். இணையதளம் வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. இந்திய இயற்பியல் ஆசிரியர் கழகம் இளநிலை மாணவருக்கென்று தேசிய அளவில் நடத்தும் தேர்வும், அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையும் உள்ளூர்க் கல்லூரி மாணவரைப் பெரிய ஆய்வகங்களுக்கு அழைத்துச் செல்லும் பாலங்கள். கோடை இரண்டு மாதம் கல்பாக்கத்து அணு ஆய்வு மையத்தில் கழித்துத் திரும்பும் மாணவர், அதுவரை பாடநூலில் மட்டும் கண்ட சொற்கள் ஒரு மேசையின் மேல் கருவிகளாக இருப்பதைப் பார்த்துவிட்டு வருகிறார்.

ஆய்வுலகின் அருகில் இருப்பது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு வானியற்பியலர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் மாணவப் பருவம் சான்று. அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டம் படித்துக்கொண்டிருந்த 1928 இல் ஜெர்மானிய இயற்பியலர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய அணு அமைப்பு நூலை முன்பே படித்திருந்த மாணவர், அவரைத் தேடிச் சென்று சந்தித்து, அந்த நூலுக்குப் பின் குவாண்டம் கோட்பாடு அடியோடு மாறிவிட்டதை அவரிடமே அறிந்து, உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றிய அவருடைய அச்சாகாத கட்டுரையையும் பெற்றுக்கொண்டார். ஓராண்டுக்குள் அம்மாணவரின் ஆய்வுக் கட்டுரை இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. மாநிலக் கல்லூரியின் பெயரை மட்டும் இங்கே காண்பவர், பாதியையே காண்கிறார். நூலை முன்பே படித்திருந்ததும், சந்திக்கத் துணிந்ததும் மாணவரின் பங்கு. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப்பிள்ளை நூலகம், இயற்பியல் துறையின் கருத்தரங்குகள் ஆகியவற்றை இணைவுக் கல்லூரி மாணவர் எந்த அளவுக்குப் பயன்படுத்த இயலும் என்று துறைத் தலைவர் வழியாகக் கேட்டறிந்து, கிடைக்கும் வாய்ப்பை விடாமல் பயன்படுத்த வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகனைத் திருப்பதிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்ப ஒப்பும் வீட்டில், அதே தேர்வில் தேறிய மகளை அருகிலுள்ள மகளிர் கல்லூரியோடு நிறுத்திவிடும் முடிவு இன்னும் எடுக்கப்படுகிறது. பாரதிதாசன் கல்லூரி அவளுக்கு நல்ல தொடக்கமாக அமையலாம். ஆனால் அந்த முடிவு ஆய்வகத்தையும் ஆசிரியரையும் பார்த்து எடுக்கப்பட வேண்டும், அச்சத்தைப் பார்த்து எடுக்கப்படக் கூடாது. மேற்சொன்ன மைய நிறுவனங்கள் வளாகத்திலேயே மாணவியர் விடுதி நடத்துபவை. பெற்றோர் ஒருமுறை நேரில் சென்று பார்த்தால் அச்சத்தின் பெரும்பகுதி அங்கேயே விலகும்.

மொழி, செலவு, பிரான்சு

தமிழ்வழியில் பயின்றவருக்கு முதல் ஆண்டு ஆங்கிலச் சொற்களோடு போராடும் ஆண்டாக அமைகிறது. நிலைமம், திருப்புத்திறன், குறுக்கீட்டு விளைவு ஆகிய கருத்துகளை நன்கு அறிந்திருந்தும், அவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கேட்டுத் திகைத்து, தமக்கு இயற்பியலே வரவில்லை என்று தவறாக முடிவுசெய்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் வெளியிட்டுள்ள பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்களின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகளைப் பக்கம் பக்கமாக அருகருகே வைத்துப் படிப்பது, தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரையுள்ள கோடைக்கு உகந்த வேலை. சேரவிருக்கும் துறையில் தமிழில் கேள்வி கேட்டால் தமிழில் விளக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரிப்பதில் தாழ்வு ஏதும் இல்லை.

செலவைக் கணக்கிடும்போது கல்விக் கட்டணத்தோடு பயண நேரத்தையும் சேர்க்க வேண்டும். முதலியார்பேட்டையிலிருந்து புதிய பேருந்து நிலையம் சென்று, அங்கிருந்து காலாப்பட்டுக்கு மாறி, மாலையில் அதே வழியில் திரும்புபவர் நாள்தோறும் இழக்கும் நேரம், கணக்குப் போடும் நேரம். விடுதி கிடைத்தால் அதன் கட்டணத்தை அந்த நேரத்தின் விலையாகக் கொள்ளலாம். 2008 இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் திட்டம், பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. உள்ளூர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் படிப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து உரிய நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

புதுச்சேரிக்கே உரிய வழி ஒன்றும் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள குடும்பங்களின் பிள்ளைகளும், பிரெஞ்சு மொழியைப் பள்ளியில் ஆழமாகக் கற்றவர்களும் பிரான்சின் அரசுப் பல்கலைக்கழகங்களில் லிசான்சு எனப்படும் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தில் சேரலாம். குடியுரிமை உள்ளவருக்குக் கட்டணம் மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு 2019 முதல் தனி உயர்கட்டணம் வகுக்கப்பட்டுள்ளது, பல பல்கலைக்கழகங்கள் அதிலிருந்து விலக்கும் அளிக்கின்றன. முதல் ஆண்டிலேயே கணிதம் கடுமையாக இருக்கும் என்பதையும், வகுப்பைப் பின்தொடரும் அளவு மொழியறிவு இல்லாமல் சென்றால் இயற்பியலும் மொழியும் ஒருசேரச் சுமையாகும் என்பதையும் கருதி, முதுநிலைக்குச் செல்வதே பலருக்குப் பொருந்தும்.

சேர்க்கைக் காலத்தில் முடிவுகள் ஒரே நாளில் வருவதில்லை. சென்டாக் கலந்தாய்வு, சி.யு.இ.டி. முடிவு, ஐசர் சுற்றுகள் ஆகியவை முன்னும் பின்னுமாக வருவதால், கையில் கிடைத்த உள்ளூர் இடத்தை ஏற்றுக்கொண்டு மற்றவற்றுக்குக் காத்திருப்பது முறையான நடைமுறையே. சேர்ந்த பின் வேறிடம் கிடைத்து விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துள்ளது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்த பின் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், கல்லூரி அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் 2018 இல் அக்குழு அறிவுறுத்தியது. எனவே மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் தெளிவான படிகளைப் போதிய எண்ணிக்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த அலுவலகத்தில் எந்த மூலச் சான்றைக் கொடுத்தாலும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற்ற பின்னரே அங்கிருந்து கிளம்ப வேண்டும்.